வடிகால்

என் வலது முன்கையில் வாய்க்கால் சேறு காய்ந்து வெடித்திருக்கிறது. இன்னும் கழுவவில்லை. மூக்கருகே கொண்டுபோனால் உன் வாசம் வருகிறது. புதுத்தண்ணீரும் மட்கிய இலையும் மடைச்சேறும் கலந்த அந்த வாசம், எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் உன்னை விட்டுப் போனதில்லை. ஜேடர்பாளையம் தடுப்பணையில் நேற்று தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். விடிவதற்குள் நம் வாய்க்காலுக்கு வந்துவிட்டது. நீ போன பிறகு வருகிற முதல் தண்ணீர் இது.

கட்டிலில் மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் தலையணை அடுக்கின் மேல் ஏற்றி வைத்து, பரீட்சை அட்டையை வயிற்றில் நிமிர்த்திக்கொண்டு இதை எழுதுகிறேன். உன் மம்பட்டி கதவோரம் சாத்தியிருக்கிறது. அதிலும் ஈரச்சேறுதான். இன்று காலை நான் அதை மடியில் வைத்துக்கொண்டு சக்கர நாற்காலியில் மடைக்குப் போனேன். எதற்குப் போயிருப்பேன் என்பது உனக்குத் தெரியும். போன இடத்தில் நடந்தது மட்டும்தான் தெரியாது. அதைச் சொல்வதற்கு முன்னால் உன்னோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அதை முடித்துவிடுகிறேன்.

நீ உயிரோடு இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் சொன்னேன். வாங்ணா, போங்ணா, சாப்பிடுங்ணா. திட்டும்போதுகூட 'ங்க' போட்டே திட்டினேன். "உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா?" என்று நான் கத்துவதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரித்திருக்கிறார்கள். ஒரே ஒரு நாள்தான் அது தவறியது. அன்று வந்த கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. அது இருக்கிறவரை உனக்கு 'ங்க' கிடையாது. இந்த மடல் முழுக்க நீ 'நீ'தான்.

முதலில் டிராக்டரில் இருந்து தொடங்குகிறேன். பரமத்தி வேலூர் சாலையில் கரும்பு டிராக்டர் என் மொபெட்டை இடித்துத் தள்ளியபோது நம் கொடிக்கால் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. நீ வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த கையோடு ஓடி வந்தாய். நான் சாலையோரப் புழுதியில் கிடந்தேன். கண் திறந்துதான் இருந்தது. நீ வருவது தெரிந்தது, அப்பாடா என்று நினைத்தேன். நீ என்னைத் தாண்டிக்கொண்டு ஓடினாய். ஓட்டுநரைச் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துப் போட்டு, அவன் வண்டியிலிருந்த இரும்புக் கம்பியாலேயே அவனை அடித்தாய். அவன் 'அய்யோ சாமி, அய்யோ சாமி' என்று கத்தினான். பிறகு கத்தவில்லை. அவனுடைய தாடை உடைந்துவிட்டது.

அந்த நேரத்தில் என்னை யார் யாரோ தூக்கினார்கள். ஒருவர் கையைப் பிடித்தார், ஒருவர் காலைப் பிடித்தார், நடு உடம்பு மூட்டை போலத் தொங்கியது. முதுகில் என்னவோ நகர்ந்தது எனக்கே தெரிந்தது. அதன் பிறகு இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. பலகையில் படுக்கவைத்துத் தூக்கியிருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். அவருக்கு உறுதியாகத் தெரியாது, எனக்குத் தெரியும். 'அவளைத் தூக்காதீங்க' என்று அதட்டுகிற குரல் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அடித்துக்கொண்டிருந்தது.

இதை உன் முகத்துக்கு நேரே நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நீ உன்னையே வெட்டிக்கொண்டிருப்பாய். உனக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் தெரியும். அந்த அடிக்காக உன் மேல் போட்ட வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. நாமக்கல் கோர்ட்டுக்கு அலைந்து அலைந்து உன் செருப்புத் தேய்ந்தது. கடைசியில் தப்பித்தாய். இனி ஒருமுறை இப்படி வந்தால் உள்ளேதான் என்று வக்கீல் எச்சரித்து அனுப்பினார். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நீ பயந்தாய். அந்தப் பயம்தான் பிற்பாடு உன்னைக் கொன்றது.

நடக்காத காலில் தண்ணீர் இறங்கும் என்று அதுவரை நமக்குத் தெரியாது. ஆடுசதை அசைந்தால்தான் கீழே வந்தது மேலே ஏறுமாம். என் ஆடுசதை தூங்கிவிட்டது. நான் இ-சேவை மையம் தொடங்கி, காலை முதல் மாலை வரை நாற்காலியில் கால் தொங்க உட்கார்ந்து, ஊர்க்காரர்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் எடுத்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகு, சாயங்காலம் என் கால்கள் வாழைத்தண்டு மாதிரி பருத்திருக்கும். செருப்பு வார் சதைக்குள் புதைந்திருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும். விழுந்த குழி வெகுநேரம் எழாது. எனக்கு வலிக்காது. வலிக்காததுதான் அதில் இருக்கிற விஷம்.

காலையில் கொடிக்காலுக்குப் போகும் முன் நீ என் கட்டிலருகே வந்து நிற்பாய். வேறு அண்ணன்கள் தூக்கம் வந்ததா, காபி குடித்தாயா என்று கேட்பார்கள். நீ என் காலில் கட்டைவிரலைக் குத்திப் பார்த்துவிட்டுக் கேட்பாய்: "அம்மிணி, வடிஞ்சுதா?" வடிந்திருந்தால் "வடிஞ்சிருச்சுங்ணா" என்பேன். வடியாவிட்டால் "இல்லீங்ணா". இல்லை என்றால் உன் முகம் மாறிவிடும். தண்ணீர் முறையில் எவனோ ஏமாற்றிவிட்ட மாதிரி என் காலை முறைத்துப் பார்ப்பாய்.

உனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாமே தண்ணீர் பாய்ச்சுகிறவன் வைத்தியம். ஒரு நாள் என் இடது கெண்டைக்காலில் தோல் மினுமினுத்து, ஊசிமுனை அளவு வெடித்து, அதிலிருந்து தெளிந்த நீர் கசியத் தொடங்கியது. அண்ணி பயந்துபோய்த் துணி எடுத்து வந்தாள். நீ துணியைப் பிடுங்கி எறிந்தாய். உன் முகத்தில் அத்தனை சந்தோஷம். வயலில் தேங்கின தண்ணீருக்குத் தானாகவே வழி கிடைத்துவிட்டது என்று நினைத்துவிட்டாய்.

"வாய்க்காலு, வடிகாலு, கொடிக்காலு, எல்லாமே காலுதான் அம்மிணி. வடிகாலு தொறந்துருச்சு, வடியட்டும் வுடு" என்றாய்.

கட்டிலின் விளிம்பில் என் காலைத் தொங்கவிட்டு, அடியில் ஒரு வட்டிலை வைத்தாய். சொட்டுச் சொட்டாக அது நிறைவதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாய். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினாய். டவுன்காரன் எவனும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். அவனுக்கு வடிகாலைத் தெரியாது. நான் சொன்னேன், இது சரியில்லீங்ணா, ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க என்று. உனக்குக் காது கேட்கவில்லை.

அந்த ஓட்டை வழியாகக் கிருமி ஏறிவிட்டது. கால் முழங்கால் வரை சிவந்து கொதித்தது. எனக்குப் பல் கிட்டித்து நடுங்கியது. என்னைக் காரில் போட்டுக்கொண்டு சேலத்துக்குப் பறந்தாய். வழியில் ஒதுங்காத லாரிக்காரர்களின் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டு வந்தது அந்தக் காய்ச்சலிலும் எனக்குக் கேட்டது. இன்னும் ஒருமுறை இப்படிக் கிருமி ஏறினால் காலை எடுக்க வேண்டியிருக்கும், உயிருக்கும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வடியவிட்டது யார் என்று கேட்டுச் சத்தம் போட்டார். நீ கையை ஓங்கினாய். ஓங்கின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உன் தலையிலேயே அடித்துக்கொண்டாய். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

காய்ச்சல் தணிந்த பிறகு, காலில் ரத்தக்கட்டி ஏதும் இல்லை என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகு, பிசியோதெரபி பார்க்கிற பெண் வந்தாள். வீக்கத்தை எப்படி ஏற்றுவது என்று காட்டினாள். கீழேயிருந்து தள்ளக்கூடாது. முதலில் தொடையின் மேல்பக்கம், இடுப்பு மடிப்பு, அங்கே மெதுவாகத் தடவி வழி பண்ண வேண்டும். பிறகு தொடை, பிறகு முழங்கால், கடைசியில்தான் பாதம். கட்டு மட்டும் தலைகீழ். விரலில் தொடங்கி மேலே ஏற வேண்டும். கீழே இறுக்கம், மேலே போகப் போகத் தளர்ச்சி. மேலே இறுக்கிவிட்டால் கீழே இருப்பது செத்துப்போகும் என்றாள்.

நீ வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாய். "அடக் கருமமே, கடைமடையத் தூர் வாரிப்போட்டு அப்பறம் தண்ணி வுடோணும். இவ்வளவுதானுங்களா?" என்றாய். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆமாம் என்று தலையாட்டி வைத்தாள்.

அதற்குப் பிறகு தினமும் நீதான். மென்மையான கை என்று யாராவது எழுதுவார்கள். நான் எழுத மாட்டேன். உன் கை மரப்பட்டை. தடவும்போது மெதுவாகத் தடவ வேண்டும் என்ற எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொள்வாய். 'ஏறு, ஏறு, நாயே' என்று என் காலுக்குள் இருந்த தண்ணீரைத் திட்டிக்கொண்டே மேலே தள்ளுவாய். விரல் இடுக்கில் ஈரம் இருக்கிறதா, சேற்றுப்புண் வந்திருக்கிறதா, எறும்பு கடித்திருக்கிறதா என்று விளக்கைப் பிடித்துக்கொண்டு தேடுவாய். கொசு கடித்த தடம் இருந்தால் அன்று அண்ணிக்குத் திட்டு. கட்டுத்துணி சுருக்கம் விழுந்தால் மொத்தத்தையும் உருவி எறிந்துவிட்டு முதலிலிருந்து கட்டுவாய். அந்த எறிதலில் என் தண்ணீர்ச் சொம்பு பலமுறை நெளிந்திருக்கிறது.

என் இ-சேவைக் கடையில் ஒருவன் என் காலைப் பார்த்துவிட்டு, இது யானைக்கால், ஒட்டிக்கொள்ளும், இவள் தொட்ட காகிதத்தை வாங்காதே என்று தன் மனைவியிடம் சொன்னான். நீ அப்போது எனக்குச் சோறு கொண்டுவந்து வாசலில் நின்றிருந்தாய். தூக்குப்போசியைக் கீழே வைத்தாய். அவன் கழுத்தில் துண்டைப் போட்டு இழுத்துக்கொண்டுபோய்ச் சாக்கடையில் தள்ளினாய். திரும்பி வந்து, சோறு ஆறிரும், தின்னு என்றாய். அன்றிலிருந்து ஒரு மாசம் என் கடைக்கு ஈ காக்கை வரவில்லை. எனக்காக நீ அடித்த அடி ஒவ்வொன்றும் கடைசியில் என் மேல்தான் விழுந்தது. உனக்கு அதைப் புரியவைக்க என்னால் முடியவே இல்லை.

அண்ணியின் மேல் நீ கை நீட்டியதையும் இங்கே எழுதி வைக்கிறேன். குழம்பில் உப்பு, கொடிக்காலில் பூச்சி, கோர்ட்டில் வாய்தா, எதற்கு வேண்டுமானாலும். நான் நாற்காலியை உருட்டிக்கொண்டு நடுவில் வந்து நிறுத்துவேன். என் கால் இடிபடும் என்ற பயத்தில் மட்டும் நிறுத்துவாய். நீ செத்ததற்கு ஊரே அழுதபோது அண்ணி அழவில்லை. யாரும் அவளை ஏன் என்று கேட்கவில்லை.

சரி, மடைக்கு வருகிறேன். போன கோடையில், வாய்க்காலை அடைப்பதற்கு முந்தைய கடைசி முறைத் தண்ணீர். கொடிக்காலுக்குத் தண்ணீர் ஒரு முறை தவறினால் வெற்றிலை சுருண்டுவிடும். நம் முறை தொடங்கிய பிறகும் கிழக்குத் தோட்டத்துப் பங்காளி தன் மடையை அடைக்காமல் இருந்தான். நீ மம்பட்டியோடு போனாய். சாயங்காலம் திரும்பி வந்தாய். முறை கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னாய். எப்போதும் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டுகிற வேட்டியை அன்று கணுக்கால் வரை இறக்கிவிட்டிருந்தாய். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. நான் கிண்டல்கூடச் செய்தேன், என்னங்ணா, மாப்பிள்ளை ஆயிட்டீங்களா என்று. நீ சிரித்துவிட்டு என் காலுக்குக் கட்டுப் போட்டாய்.

ஒரு வாரமோ என்னவோ போயிருக்கும். காலையில் குனிந்து என் காலைத் தடவிக்கொண்டிருந்தாய். எனக்கு ஒரு நாற்றம் அடித்தது. அந்த நாற்றம் எனக்குத் தெரியும். சேலம் ஆஸ்பத்திரியில் என் கட்டைப் பிரித்தபோது வந்த நாற்றம். என் காலைத்தான் முதலில் பார்த்தேன். என் கால் சுத்தமாக இருந்தது. கையை நீட்டி உன் வேட்டியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன்.

உன் வலது காலில் என் கட்டுத்துணி. விரலில் தொடங்கி, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறி, ஒரு சுருக்கம் இல்லாமல், கீழே இறுக்கமும் மேலே தளர்ச்சியுமாக. எனக்குக்கூட நீ அவ்வளவு அழகாகக் கட்டியதில்லை. நடுவில் மட்டும் பழுப்பும் பச்சையுமாக ஊறியிருந்தது. உள்ளே மம்பட்டி வெட்டு. உனக்கோ சர்க்கரை. மாத்திரைகள் சட்டைப் பையில் பிரிக்காமல் கிடந்தன.

சொம்பை எடுத்து உன் மேல் எறிந்தேன். நெற்றியில் பட்டுத் தோல் கிழிந்தது.

"நீ சாவறதுக்கு என்ற கட்டுத்துணிதான் கெடச்சுதாடா?"

உன்னை நான் 'நீ' என்றும் 'டா' என்றும் சொன்னது அதுதான் முதல் தடவை. நெற்றி ரத்தத்தைத் துடைக்காமல், வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு, நீ தாழ்ந்த குரலில் சொன்னாய்: "சத்தம் போடாத அம்மிணி. மொதல்ல ஓங்குனது நாந்தான். ஆஸ்பத்திரிக்குப் போனா கேஸாயிரும்."

அவன் மடையை அடைக்க ஒப்புக்கொண்ட பிறகும், பேச்சு வளர்ந்து, நீதான் மம்பட்டிக் காம்பைத் திருப்பி அவன் தோளில் போட்டிருக்கிறாய். அவன் பயந்துபோய்க் கையிலிருந்ததை வீசியிருக்கிறான். ரத்தத்தைப் பார்த்ததும் அவனே வண்டியை எடுத்து, வாங்ணா ஆஸ்பத்திரிக்கு என்று கெஞ்சியிருக்கிறான். நீ அவன் மூஞ்சியில் காறித் துப்பிவிட்டு நடந்து வந்திருக்கிறாய். இத்தனையும் காரில் சேலம் போகும்போது நீயே சொன்னாய். என் விரல் இடுக்கில் எறும்புக் கடியைத் தேடுகிறவன், தன் எலும்பு தெரிகிற வெட்டை வேட்டியால் மூடிக்கொண்டு ஊரைச் சுற்றியிருக்கிறான். இதற்கு நான் உன்னை எப்படி மன்னிப்பது?

ஆஸ்பத்திரியில் உன்னைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். நான் நாற்காலியில், நீ படுக்கையில். முதல்முறையாக உன் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. உதடு வெடித்திருந்தது. கண் எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்தது. என் காலைப் பார்த்துக் கேட்டாய்.

"அம்மிணி, இன்னிக்கு வடிஞ்சுதா?"

அடுத்தவள் காலைக் கேட்கிறாயா, உன் காலைப் பாரடா என்று உள்ளே கொதித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கதவு மூடியது. உன் காலை எடுத்தார்கள். விஷம் அதற்கு முன்பே மேலே ஏறிவிட்டிருந்தது. நீ திரும்பி வரவில்லை.

போலீஸ் கேட்டபோது அண்ணிதான் பேசினாள், நீ முதலில் ஓங்கினதைச் சொன்னாள். நான் அவளிடம் ஒரு மாசம் பேசவில்லை. பங்காளி ஜாமீனில் வந்துவிட்டான். நம் தோட்டத்துக்கும் அவன் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு வரப்புதான். அவன் இருமுவது எனக்குக் கேட்கும்.

காலுக்கு இப்போது நானே கட்டுப் போடக் கற்றுக்கொண்டேன். கட்டிலில் உட்கார்ந்து, துண்டைப் பாதத்தில் மாட்டி இழுத்து, காலை மடக்கி மடியில் போட்டுக்கொள்கிறேன். வலது கால் படியும். இடது கால் சண்டை போடும். ஆனால் கட்டத் தொடங்கினால் அவன் இருமல் கேட்கும். அவன் கழுத்து நினைவுக்கு வரும். கை தானாக முறுக்கும். முழங்காலுக்குக் கீழே கயிறு போட்டதுபோல் இறுகிவிடும். எனக்குத்தான் வலி தெரியாதே. சற்று நேரத்தில் விரல்கள் நீலம் பாய்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு அண்ணி ஓடி வந்து அவிழ்ப்பாள். திரும்பக் கட்டுவேன். திரும்ப இறுகும். உன் கோபம் செத்த பிறகு எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு காலைக் காப்பாற்ற முடியவில்லை, காலைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றும் தெரியவில்லை. சேலத்து டாக்டர் போன மாசம் பார்த்துவிட்டு, இறுக்கிக் கட்டி நீயே உன் காலைக் கொல்கிறாய் என்று எச்சரித்து அனுப்பினார்.

இன்று விடியலில் தண்ணீர் வாசம் வந்ததும் நான் கட்டுப் போடவில்லை. காலைத் தொங்கவிட்டபடியே மம்பட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணி தடுத்துப் பார்த்தாள். அவள் தள்ளாவிட்டால் நானே உருட்டிக்கொண்டு போவேன், வாய்க்காலில் விழுந்தால் விழுகிறேன் என்றேன். திட்டிக்கொண்டே தள்ளினாள். கரைப் பாதையில் நம் மடை வைக்கோலும் மண்ணுமாக அடைபட்டிருந்தது. நாற்காலியை அதன் ஓரத்தில் நிறுத்தச் சொன்னேன். காத்திருந்தேன். எதிர்பார்த்தபடி அவன் வந்தான்.

என்னைப் பார்த்ததும் நின்றான். இளைத்திருந்தான். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தான். அவன் முழங்கால் என் மடிக்கு நேராக இருந்தது. நான் உட்கார்ந்திருக்கிற உயரத்துக்கு எட்டுவது ஒருத்தனுடைய கால்தான். சேறு ஒட்டிய கெண்டைக்கால், நரம்பு புடைத்து, நன்றாக நடக்கிற கால். காம்பை இரண்டு கையாலும் பிடித்தேன். அவன் நகரவில்லை. நான் என்ன செய்யப்போகிறேன் என்று அவனுக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே நின்றான்.

"அக்கா, மொதல்ல நீங்க பாச்சிக்குங்க" என்றான்.

ஓங்கிவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன், ஓங்கிவிட்டேன். அப்போது பின்னாலிருந்து அண்ணி சொன்னாள், சத்தம் போடாமல், சோற்றுக்கு உப்பு போதுமா என்று கேட்கிற குரலில்: "கண்ணு, காலு ஒழுகுது பாரு."

குனிந்து பார்த்தேன். விடிந்ததிலிருந்து தொங்கிய இடது கால் பளபளவென்று வீங்கி, பழைய தழும்பு இருந்த இடத்தில் ஒரு முத்துத் தண்ணீர் நின்றது. உருண்டு கணுக்காலில் இறங்கியது. அடுத்த முத்து வந்தது. வட்டிலில் பிடித்து நீ பூரித்த அதே தண்ணீர். ஓங்கின மம்பட்டி தலைக்கு மேல் நிற்கிறது. என் முன்னால் அவன் கால் இருக்கிறது, என் கால் இருக்கிறது. ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்று அந்த நொடியில் தெரிந்தது. நீ என்னைத் தாண்டிக்கொண்டு ஓடினாய் அல்லவா, அந்தப் புழுதி என் வாய்க்குள் இன்னும் இருக்கிறது. நான் என்னைத் தாண்டிப் போகமாட்டேன்.

அடியை இறக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. இறக்கினேன். மடையின் அடைப்பில் இறக்கினேன். நாற்காலி ஒருபக்கம் சாய்ந்தது, அண்ணி பிடித்துக்கொண்டாள். மறுபடி வெட்டினேன். வைக்கோலும் மண்ணும் பிய்ந்து என் முகத்தில் அடித்தது. வாயில் வந்த வார்த்தையெல்லாம் சொல்லி வெட்டினேன். அவனைச் சொன்னேன், டிராக்டர்காரனைச் சொன்னேன், உன்னைத்தான் அதிகம் சொன்னேன். அடைப்பு உடைந்து தண்ணீர் நம் தோட்டத்துக்குள் புரண்டு போனது. அவன் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். நீ செத்த பிறகு இன்றைக்குத்தான்.

நேராக வீட்டுக்கு வந்தோம். கசிந்த இடத்தைக் கழுவி, துடைத்து, மருந்து போட்டு, சுத்தத் துணி வைத்தாள். சிவப்பு இல்லை, சூடு இல்லை. சாயங்காலம் வரை பார்ப்போம், ஏறினால் உடனே சேலம் என்று பேசி வைத்திருக்கிறோம். மறைக்கிற வேலை இந்த வீட்டில் இனிக் கிடையாது. பிறகு மணிக்கட்டு வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு கட்டுப் போட்டேன். இடுப்பு மடிப்பில் வழி பண்ணி, தொடை, முழங்கால், பாதம். திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல், வெறும் கையால். விரலில் தொடங்கி மேலே ஏறினேன். கை முறுக்கவில்லை. அண்ணி விரலை விட்டுப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றாள்.

உன் மரப்பட்டைக் கை என்னிடம் இல்லை. உன் மம்பட்டி இருக்கிறது, அது மடைக்கு மட்டும். கடைமடையை முதலில் பார் என்று நீ கண்டுபிடித்தது இருக்கிறது. நீ கேட்டுவிட்டுப் போன கேள்வியும் இருக்கிறது. தினம் கண் விழித்ததும் அது கட்டிலருகே வந்து நிற்கும், நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

இப்போது வெயில் சாய்ந்துவிட்டது. கொடிக்காலில் தண்ணீர் பாயும் சத்தம் கேட்கிறது. அண்ணி வந்து கட்டின் மேல்பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. பார்த்துக்கொண்டே இருந்தோம். மெதுவாக எழுந்தது.

பாதி வடிஞ்சிருக்குதுங்ணா.